ரசிகர்களாக நாமே எடுக்கும் தொடர்ச்சி அனிமேஷன் படம்: வரைபவர்கள், குரல் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

நொடிக்கு 24 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து ஓடும் சட்டகம்). பேச்சுக் காட்சியில் வரைந்த ஒரு படம் 3 ஃபிரேம் நின்றால் நொடிக்கு 8 படம் போதும், சண்டைக்கு 2 ஃபிரேமுக்கு ஒன்றாக 12. ஆள் நடக்க, பின்னணியும் நகரும் ஷாட்டில் இரண்டையும் ஒரே ஃபிரேம் கணக்கில் ஓட்டுங்கள், இல்லையென்றால் கால் தரையில் வழுக்குவதுபோல் தெரியும்.

வாய்க்கு மூடியது, பாதி, திறந்தது என 3 படம். ப, ம வருமிடத்தில் மூடிய வாய் விழுந்தே ஆகணும். டப்பிங் ஒட்டாமல் தெரிவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் குரல் முதலில், வாய் பிறகு.

வரைந்த படங்களின் பிஎன்ஜி (PNG) ஃபைலை வாட்ஸ்அப்பில் டாகுமென்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போட்டால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், கோட்டோரம் அழுக்காகி வண்ணம் சரியாக நிரம்பாது.

குரல் பதிவு, தெருச் சத்தம் அடங்கி, இரவு 11-க்கு மேல். மதுரை மாசி வீதிக்காரர்கள் சித்திரைத் திருவிழா முடியும்வரை முயலவே வேண்டாம்! மூலத் தொடரின் பாட்டைச் சேர்க்காதீர்கள். காசு வாங்காவிட்டாலும் பதிப்புரிமைக் கோரிக்கை வரலாம்.