டேனிஷ் கோட்டைச் சுவருக்குச் சுண்ணாம்பு வேண்டும்

அன்புடையீர்,

தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் 1620இல் டேனியர் எழுப்பியது தரங்கம்பாடிக் கோட்டை. 1845இல் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. 1978 வரை அரசு ஆய்வு மாளிகை. இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். 2001இலும் 2011இலும் சீரமைத்தார்களே, மறுபடியும் எதற்கு வசூல் என்று கேட்பீர்கள். உப்புக்காற்று நிற்கவில்லையே!

செங்கலில் ஏறும் ஈரத்தோடு உப்பும் ஏறும். மேலே சுண்ணாம்புக் காரை இருந்தால் ஈரம் அதன் வழியே வெளியேறும், உப்பு காரையில் பூக்கும், காரை உதிரும், செங்கல் தப்பிக்கும். சிமென்ட் பூசினாலோ ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகிச் செங்கலின் முகத்தையே பிளக்கும். அந்த இடத்தைத் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். பூச்சைப் பெயர்த்தால் செங்கல் தூளாகக் கையோடு வரும். ஆகவே காரை உதிரத்தான் வேண்டும். உதிர்ந்ததை மறுபடி பூசத்தான் இந்த வேண்டுகோள்.

100 சதுர அடிக்கு அரை அங்குலக் கனத்தில் 2 பூச்சு போட, நீற்றிய சுண்ணாம்பு சுமார் 4 கன அடி, ஆற்று மணல் 8 கன அடி பிடிக்கும். கடற்கரை மணலும் உப்புக் கிணற்றுத் தண்ணீரும் கூடவே கூடாது. நல்ல தண்ணீரை லாரியில்தான் இறக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்புக்கல் வந்த அன்றே தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்றி, சலித்து, குறைந்தது 2 வாரம் ஊறவிட வேண்டும். நீறாத பருக்கை ஒன்று தங்கினாலும் பூசிய பிறகு பொரிந்து பள்ளம் விழும். உடைத்த கடுக்காயையும் பனைவெல்லத்தையும் தண்ணீரில் ஊறப்போட்டு, புளித்ததும் வடிகட்டிக் காரையில் சேர்ப்போம். பூசியபின் 2 வாரமாவது ஈரச்சாக்கு மூடியிருக்க வேண்டும். செலவில் கணிசமான பங்கு, சாக்கை நனைக்கும் ஆள்கூலிதான். இதில் மிச்சம் பிடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடித்துவிடும்.

பணமாகத் தரலாம். கடுக்காய், பனைவெல்லம், பழைய கோணிச்சாக்கு என்று பொருளாகவும் தரலாம். சிமென்ட் மூட்டை மட்டும் அன்புகூர்ந்து வேண்டாம். எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. தொல்லியல் துறை அனுமதித்த பகுதியைத் தவிர வேறெங்கும் கை வைக்க மாட்டோம்.

கார்த்திகைக்குள் தொகை சேர்ந்தால் மார்கழி முழுக்கச் சுண்ணாம்பு ஊறும். தையிலும் மாசியிலும் பூசிவிடலாம். அதற்குப் பிறகு வருவதை அடுத்த தைக்கு வைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் பூசுவதாக இல்லை.

இப்படிக்கு,
சீரமைப்புக் குழுவினர்