சிறப்புப் பள்ளிக் கேமராக்களுக்கு வரம்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறப்புப் பள்ளி வகுப்பறைகளில் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்று கேட்கும் பெற்றோரில் நானும் ஒருத்தி. என் மகனுக்கு வயது 14. ஆட்டிசம் உள்ளவன், பேச்சு வராதவன். ஒருநாள் கை கன்றிச் சிவந்து வீடு திரும்பினான். விழுந்தானா, தன்னையே கடித்துக்கொண்டானா, யாரேனும் அழுத்திப் பிடித்தார்களா என்று அவனால் சொல்ல இயலவில்லை. சிறப்பாசிரியர் சொன்ன விளக்கத்தை நம்பினேன்; இன்றும் நம்புகிறேன். ஆனால் நாளை அவர்மீது வீண்பழி விழுந்தால் அவருக்கும் சாட்சி இல்லை என்பதால், கேமரா இருவருக்கும் நல்லது என்றே நினைத்தேன்.

பள்ளியில் கேமரா வந்தது. அதோடு, எல்லாப் பெற்றோருக்கும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுத்து, வகுப்பறையைக் கைபேசியில் நேரலையாகப் பார்க்கவும் வழி செய்தார்கள். சில வாரங்களில், என் மகன் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுத காட்சியை யாரோ பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அந்தப் பள்ளிக்குத் தொடர்பே இல்லாத உறவினர் ஒருவர் வழியாக மாலைக்குள் அது என் கைபேசிக்கே வந்து சேர்ந்தது. 'பாவம் இந்தப் பிள்ளை' என்று கீழே எழுதியிருந்தார்கள். இரக்கத்தில்தான் அனுப்பியிருப்பார்கள், ஆனாலும் அன்றிரவு நான் தூங்கவில்லை. அந்த வகுப்பில் உடை மாற்றத் தனி அறை கிடையாது. மூலையில் ஒரு திரையை இழுத்துவிட்டுத்தான் ஆயாம்மா வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு அணையாடை மாற்றுவார். திரை சற்று விலகினாலும் கேமராவின் பார்வை அங்கே போகும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இதே சிக்கலுக்கு 2015-இல் ஒரு சட்டம் இயற்றியது. பெற்றோர் ஒருவர் கேட்டாலே சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளுக்கான தனி வகுப்புகளில் ஒலியும் ஒளியும் பதியும் கேமராவைப் பொருத்த வேண்டும் என்று ஆணையிட்ட அச்சட்டம், கழிப்பறையையும் உடை மாற்றும் இடத்தையும் படம்பிடிக்கக் கூடாது, கேமரா இயங்கும் முன் மற்ற பெற்றோருக்கும் ஊழியருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், யாரும் அதை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, ஆசிரியரின் பணித்திறனை மதிப்பிடவும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று வரம்புகளையும் சேர்த்தே விதித்தது. ஏதேனும் நடந்ததாகப் புகார் எழுந்தால் மட்டுமே, அதில் தொடர்புடைய பிள்ளையின் பெற்றோர், ஊழியர், விசாரிக்கும் அதிகாரிகள் போன்ற சிலர் பதிவைப் பார்க்கலாம். பதிவைக் குறைந்தது 6 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று முதலில் இருந்தது, 2017-இல் 3 மாதமாகக் குறைக்கப்பட்டது. நடந்ததை அறிய இவ்வளவு போதும். நேரலை இல்லாததால் என் மகனுக்கான பாதுகாப்பில் ஒன்றும் குறைந்துவிடாது.

நம் நாட்டில் இத்தகைய வரம்புகளுக்குச் சட்ட அடிப்படை இல்லாமல் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலையும், சட்டப் பாதுகாவலர் உள்ள மாற்றுத்திறனாளிகளின் தரவைக் கையாள அந்தப் பாதுகாவலரின் ஒப்புதலையும் பெற வேண்டும் என்று வகுத்தது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. சேர்க்கைப் படிவத்தில் போட்ட கையெழுத்தையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். தன்னைப் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்காக அந்தக் கேள்வியை இன்னும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டாமா?

நேரலையை நிறுத்தும்படி பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டபோது, பதிவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன, எத்தனை நாளில் அழிக்கப்படுகின்றன, கேமரா பொருத்த வந்த ஊழியரிடம் அந்தக் கடவுச்சொல் இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டேன். அங்கே ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. சிறப்புப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இந்த மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் பெற வேண்டும் என்றும், உடை மாற்றத் தனி அறை இல்லாத வகுப்பில் அதைக் கட்டிய பிறகே கேமராவை அனுமதிக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறப்புப் பள்ளி மாணவர் ஒருவரின் தாய்,
மதுரை.