குழந்தைகள் வார்டு சீலிங்குக்கு வண்ணம்: உங்கள் உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறோம். மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் சீலிங் முழுக்க ஓவியப் பலகைகள் பொருத்தப் போகிறோம், அதற்குப் பணமும் பொருளும் ஆட்களும் தேவைப்படுகிறது.

சுவர் இருக்க சீலிங் எதற்கு என்று நிறையப் பேர் கேட்டார்கள். சுவர் நடமாடுகிறவர்களுக்கு. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளை மல்லாந்து படுத்திருக்கிறது, அதன் கண்ணில் நாள் முழுக்கப் படுவது வெள்ளைச் சீலிங்கும் ஒரு டியூப் லைட்டும்தான். அங்கே ஊதா நிற யானையோ இறக்கை முளைத்த மீனோ இருந்தால் "அது எங்கே போகுது?" என்று கேட்கத் தோன்றும், கேட்டால் பக்கத்துக் கட்டில் பிள்ளை ஒரு பதில் சொல்லும், அப்புறம் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டாவது ஒரு கதையைக் கட்டிவிடும்.

ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும்தான் இருந்தார். உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த காகிதங்களைக் கத்தரியால் வெட்டி வெட்டியே புதிதாக ஒரு கலையை உண்டாக்கினார். நீண்ட கழியின் முனையில் கரியைக் கட்டி, படுத்தபடியே பேரப்பிள்ளைகளின் முகங்களைச் சீலிங்கில் வரைந்தும் இருக்கிறார். எங்கள் திட்டத்துக்கு விதை அங்கிருந்து வந்ததுதான்.

இஷ்டத்துக்கு அள்ளிப் பூசவும் முடியாது. கட்டிலுக்கு நேர் மேலே அடர்ந்த மஞ்சளைப் பெரிதாகப் பூசினால் அதன் சாயல் பிள்ளையின் தோலில் விழும், மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்கிற டாக்டருக்குக் கண் தடுமாறும். பெரிய நீலமும் அப்படித்தான், உதடு நீலம் பாரிப்பதைக் கவனிப்பது கடினமாகிவிடும். அதனால் கட்டிலுக்கு மேலே வெள்ளையை நிறைய விட்டு, சின்னச் சின்ன வண்ணத் துண்டுகளாக மட்டும் வைப்போம். சின்னது என்றால் மங்கலாகத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்து நிறமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது என்று மிஷேல் செவ்ரல் என்ற வேதியியலாளர் 1839லேயே விரிவாக எழுதிவிட்டார். விரல் நுனி அளவு ஆரஞ்சை ஒரு நீலத்தின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டுமே துள்ளும். ஆழமான பெரிய வண்ணங்களெல்லாம் விளையாட்டு மூலைக்கும் நடைவழிக்கும்.

வரையப்போவது பிள்ளைகள். முடிந்தவர்கள் உட்கார்ந்து வரைவார்கள், முடியாதவர்கள் நிறத்தைச் சொல்வார்கள், நாம் பூசுவோம். இது எங்களுக்கு ரொம்ப முக்கியம். மாத்திரை, ஊசி, தூக்கம், பத்தியம் என்று வார்டில் எதையும் பிள்ளையிடம் கேட்டு யாரும் செய்வதில்லை, நிறத்தையாவது அது சொல்லட்டும். நாய்க்குப் பச்சை என்று சொன்னால் பச்சைதான், பெரியவர்கள் யாரும் திருத்தக் கூடாது.

பெயிண்டைப் பொறுத்தவரை, வாடை குறைந்த, தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் மட்டும்தான் வாங்குவோம். மலிவான டப்பாக்களில் நிறமி குறைவு, நிரப்புப் பொருள் அதிகம், மூன்று கை பூசினாலும் அடியில் பலகை தெரியும். எனவே வகை குறைவாக, தரமாக: பச்சைச் சாயலில் ஒரு நீலம், ஊதாச் சாயலில் ஒரு நீலம், அதேபோல மஞ்சளில் இரண்டு, சிவப்பில் இரண்டு, வெள்ளை மட்டும் தாராளமாக. இவற்றைக் கலந்தே வேண்டிய நிறத்தையெல்லாம் எடுத்துவிடலாம். ஒரு பிள்ளை தொட்ட பிரஷ்ஷை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க முடியாது, தொற்று பயம், அதனால் பிரஷ் நிறைய வேண்டும். கிருமிநாசினி போட்டுத் துடைத்தாலும் கெடாத வார்னிஷ், இலேசான பலகைகள், அவற்றைக் கழன்று விழாமல் பொருத்தும் கூலி, இவைதான் பெரிய செலவு.

ஒரு வேண்டுகோள்: வீட்டில் மிச்சமிருக்கும் பழைய எனாமல் பெயிண்டைக் கொண்டுவர வேண்டாம். அதிலும் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும்.

எவ்வளவு சின்னத் தொகையானாலும் கொடுங்கள், ரசீது தருவோம், வரவு செலவைக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புவோம். பணம் கொடுக்க முடியாதவர்கள் நேரம் கொடுங்கள். வண்ணம் கலக்க, பிரஷ் கழுவ, பலகை தேய்க்க, பிள்ளைகள் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து அவர்கள் சொல்கிற நிறத்தைப் பூச ஆள் வேண்டும். வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. சளி, காய்ச்சல் இருக்கும் நாளில் மட்டும் வார்டுக்கு வராதீர்கள். குழுவில் உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது பெயரைச் சொல்லிவிடுங்கள், பலகைகள் வந்ததும் கூப்பிடுகிறோம்.