கல்லைக் கொட்டும் முன் பழைய கடலை அளந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், கடலரிப்புத் தடுப்புப் பணிகளைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை பல ஊர்களின் முன்னால் இன்று கருங்கல் சுவரும், கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவும் நிற்கின்றன. அவை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2004 சுனாமியில் கொளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்டதை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். கல்லைக் கொட்டும் முன்பும், மேட்டை வெட்டும் முன்பும், பழைய கடல் அங்கே விட்டுச்சென்ற தடயம் இருக்கிறதா என்று பார்த்து, அளந்து, பதிவு செய்துவிடுங்கள்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்று இருப்பதைவிட 120 மீட்டருக்கும் கீழே கிடந்தது. பாக் நீரிணை அன்று தரை. இன்று நம் மீனவர்கள் தொழிலுக்குப் போகும் வெட்ஜ் பேங்க் என்ற கடலடி மேட்டிலும் ஆழம் குறைந்த பகுதிகள் வெளியே தெரிந்திருக்கும். அதற்கும் வெகுகாலம் முன், சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைய மட்டத்தைவிட 6 முதல் 9 மீட்டர் வரை உயர்ந்து நின்றது. இவை உலகம் முழுமைக்குமான கணக்குகள். ஒவ்வொரு கரையின் கணக்கும் கொஞ்சம் மாறும். நிலம் எழும், தாழும், உருகிவந்த நீரின் பாரத்தில் கடலடியும் அமுங்கும். ராமேஸ்வரத்தில் பழைய பவளப்பாறைகள் நீருக்கு மேலே நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். குமரிக் கரையின் கணக்கைக் குமரிக் கரையில்தான் எடுக்க முடியும்.

எடுப்பதற்கு நம்மிடம் நல்ல சான்றுகள் இருக்கின்றன. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், நம் பகுதி அன்று அடங்கியிருந்த தென் திருவிதாங்கூரின் நிலவியலைப் பற்றி 1883-லேயே எழுதிவிட்டார். மணலும் சிப்பியும் சுண்ணாம்பால் இறுகிய கடற்கரைப் பாறை, அலை ஏறி இறங்கும் இடைப்பட்ட பகுதியில் உருவாவது. அது இன்று உயரத்தில் கிடந்தால், கடல் அங்கே நின்றிருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் இங்கே கிடைக்கும் அளவில் பிழையும் குறைவாகவே இருக்கும். ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும் கரைகளுக்கு இந்த வசதி இல்லை.

அதற்காகச் சிப்பி கண்ட இடமெல்லாம் பழைய கடற்கரை ஆகிவிடாது. புயல் வீசியெறிந்திருக்கும், சுனாமி கொண்டுவந்திருக்கும், சுண்ணாம்புச் சூளைக்காக மனிதர்களே குவித்தும் இருப்பார்கள். எந்தப் படுகையில், எதற்கு மேல், எதற்குக் கீழ் கிடந்தது என்பதை அதே இடத்தில் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். பொக்லைன் ஒருமுறை புரட்டிவிட்டால் அந்தச் சிப்பியிடம் கேட்க ஒன்றும் மிஞ்சாது.

முட்டம் பக்கத்துச் செம்மணல் மேடான செந்தேரியின் நிலைமை இன்னும் மோசம். மணல் துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்பதை அளந்துதான் அதன் காலத்தைக் கணிக்கிறார்கள். மாதிரியை வெளிச்சம் படாத குழாயில் எடுத்து, இருட்டறையில் சோதிப்பார்கள். மேட்டை வெட்டி மணலைப் பகல் வெளிச்சத்தில் பரப்பினால், பல ஆயிரம் ஆண்டுக் கணக்கு சில நிமிடங்களில் அழிந்துவிடும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. உயிர்ப்பொருளில் மிஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளக்கும் கரிமக் கணிப்பை வைத்துச் சரிக்கட்டவும் முடியாது. அது சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் போகாது, அதற்குச் சிப்பி போன்ற உயிர்ப்பொருளும் வேண்டும்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மணல்மேடுகளுக்குக் காப்பு உண்டு. சிப்பிப் படுகை, கடற்கரைப் பாறை என்று அதில் தனியாகப் பெயர் சொல்லப்படவில்லை. ஆகவே, உங்கள் உத்தரவு ஒன்றுதான் இவற்றுக்குத் துணை. ஒப்பந்தம் கோருவதற்கு முன், நிலவியல் தெரிந்த ஒருவர் அந்த இடத்தை நடந்து பார்க்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேருங்கள். தடயம் இருந்தால் அதன் உயரத்தைச் சராசரிக் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு அளந்து, படம் எடுத்து, மாதிரியை எண்ணிட்டுப் பாதுகாக்கட்டும். திருவனந்தபுரத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் மாவட்டக் கல்லூரி மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கடலுக்கடியில் எந்த இடத்தில் பார் (பாறைத் திட்டு) இருக்கிறது என்று தூத்தூரிலும் இனயத்திலும் உள்ள மூத்த மீனவர்களைக் கேளுங்கள். மூழ்கிய கரையைத் தேடுபவர்களுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

பொறியாளர்களுக்கும் இது உதவும். 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, வேகமும் கூடிவருகிறது. இந்தக் கரையில் நிலம் எழுகிறதா தாழ்கிறதா என்று தெரிந்தால், சுவரை எவ்வளவு உயரம் கட்டுவது என்பதை ஊகத்துக்கு விடவேண்டியதில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் தொடங்க இருக்கும் பணிகளிலிருந்தே இந்த நிபந்தனையைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிலவியல் ஆசிரியர் ஒருவர்,
நாகர்கோவில்