கல்யாண எடையைத் தேடாதே, சரசு

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்புள்ள சரசு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. மூத்த மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குப் பார்வை மங்கிவிட்டதே தவிர ஞாபகம் மங்கவில்லை. "சரசுவின் அம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரை" என்று ஆரம்பித்து வெகுநேரம் பேசினார். ரப்பர்த் தோட்டத்தில் கடைசியாக நின்றிருந்த தொழிலாளர் லயத்தையும் இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயிலும் அதன் முன்னால் இருந்த வேப்பமரமும் இருக்கின்றன, சுற்றிலும் செம்பனைதான். திருவிழா அன்று தாமான் குடியிருப்புகளிலிருந்து எல்லோரும் காரில் வந்து இறங்குகிறார்கள். மற்ற கதைகளைப் பிறகு எழுதுகிறேன். உன் கடிதத்தின் கடைசிப் பக்கம்தான் மனத்தைவிட்டு நீங்க மறுக்கிறது.

உயரம் 152 சென்டிமீட்டர், எடை 61 கிலோ, இரத்தத்தில் சீனியின் அளவு நீரிழிவின் எல்லையில் நிற்கிறது, எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதுவரை சரி. அதற்குப் பிறகு, "கல்யாணத்தன்று 42 கிலோ இருந்தேன், அதுதான் என் உடம்புக்கு ஏற்ற எடை, அதற்கே திரும்பப் போகிறேன், இரவில் சோறு கிடையாது, இரண்டு பிஸ்கட்டும் தேநீரும்தான்" என்கிறாயே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கிளினிக்கில் தாதியாக இருந்த காலம் முழுவதும் இதே பேச்சைப் பெண்களிடம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொருத்தி மனத்திலும் ஒரு பழைய எடை பத்திரமாக இருக்கிறது. உன்னுடைய 42 கிலோ எப்படி வந்தது என்று யோசித்துப் பார். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு அம்மாவுடன் பால்மரம் வெட்டப் போனாய். விடியும் முன்பே வரக்கோப்பியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு, ஆள்கணக்குக் கொடுக்க, ஓட்டம். மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் நடை. பிறகு மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, வாளிகளைக் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு மறுபடியும் நடை. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை. வீட்டில் அத்தனை பேருக்கும் ஒரு குழம்பு. முட்டை இருந்தால் அது தம்பிகளுக்கு. அந்த உழைப்புக்கு அந்தச் சாப்பாடு போதாது, சரசு. உன் உயரத்துக்கு 42 கிலோ என்றால் உடல் எடைக் குறியீடு 18.2 வருகிறது. 18.5-க்குக் கீழே போனாலே எடைக் குறைவு என்றுதான் மருத்துவத்தில் கணக்கு. உன் கல்யாண எடையைத் தீர்மானித்தது தோட்டத்துச் சம்பளம். அதற்கும் உன் உடல்வாகுக்கும் சம்பந்தமே இல்லை.

அந்தக் குறியீட்டையும் அளவோடுதான் நம்ப வேண்டும். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது அது. 1832-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்டலே என்ற கணிதவியலாளர் கண்ட விகிதம். அவர் மருத்துவர் அல்லர். மக்கள் கூட்டத்தில் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்துப் பரப்பினார். ஓர் ஊரையே அளந்து பார்க்க அது நல்ல கருவி. தனி ஒருத்தியை அளக்க அது மட்டும் போதாது. உன் 61 கிலோவில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு உடம்பில் எங்கே இருக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பொதுவாக 25 வரை சரியான எடை என்பார்கள். ஆனால் ஆசிய உடம்புகளுக்கு ஆபத்து முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது என்பதால், 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆபத்து கூடத் தொடங்குவதற்கு 23, மிகுவதற்கு 27.5 என்று இரண்டு எல்லைகளைச் சேர்த்துச் சொன்னது. மலேசியாவிலும் இந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகிறார்கள். உன்னுடைய குறியீடு 26.4. இரண்டாவது எல்லைக்கு அருகில் நிற்கிறாய். கிளினிக்கில் உன்னை வீணாகப் பயமுறுத்தவில்லை.

நம் உடம்புக்கு ஏன் தனி எல்லை என்று கேட்பாய். அதே 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் சொந்த உடம்புகளையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். ஒருவர் பூனேயின் யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்தின் ஜான் யட்கின். இருவருக்கும் குறியீடு ஒன்றேதான், 22.3. கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! குறியீட்டில் ஒரே எண், உள்ளே இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு. இது பிறப்பிலேயே தொடங்குகிறது என்பதையும் யாஜ்னிக்கின் குழு காட்டியது. பூனே வட்டாரத்துக் கிராமக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, ஆனால் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தாயின் வயிற்றில் கிடைத்ததைக் கொண்டு உடம்பு எதைக் காப்பாற்றியது பார். நிறைமாதத்திலும் வாளி தூக்கிய நம் அம்மாக்களை நினைத்துக்கொண்டேன். நம் உடல்வாகு என்று ஒன்று உண்டென்றால் முதலில் அது இதுதான்: பார்க்கச் சிறிய உடம்பு, தசை குறைவு, வயிற்றில் கொழுப்பு.

என் தம்பி உனக்கு நினைவிருப்பான். ஊரே அவனை ஒல்லி என்றது. 168 சென்டிமீட்டருக்கு 62 கிலோ, குறியீடு 22, எந்தக் கணக்கிலும் சரியான எடை. இரவுக் காவல் வேலை, உட்கார்ந்தே இருக்க வேண்டும், தூக்கம் வராமலிருக்கக் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக். காலில் பட்ட காயம் ஆறாமல் கிளினிக்குக்குப் போனபோதுதான் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருப்பது தெரிந்தது. அன்று அவன் இடுப்பை அளந்தேன், 94 சென்டிமீட்டர். கையும் காலும் குச்சியாக இருக்க, எல்லாம் வயிற்றில் சேர்ந்திருந்தது. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர்; இந்தியர்களை மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. வெட்டுக்கத்தி கையைவிட்டுப் போய் எத்தனையோ வருடமாகிறது, நம் வீடுகளில் சோற்றின் அளவு மட்டும் குறையவே இல்லை.

ஆகவே தராசைவிட்டு இறங்கி, தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடு. புடவைக்கு மேலே அளக்காதே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், நேராக நின்று, இயல்பாக மூச்சை விட்டதும் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்காதே. ஆசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது எல்லை. இன்னும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது: உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்க வேண்டும். உனக்கு 76. இந்த எண்ணை எழுதி அலமாரியில் ஒட்டு, 42-ஐ மற.

நீ சிறு வயதிலிருந்தே தொடை பருத்தவள். அதற்காக எத்தனை முறை அழுதிருக்கிறாய்! அந்தச் சதையால் உனக்குக் கெடுதல் குறைவு. 1947-லேயே ஜான் வாக் என்ற பிரெஞ்சு மருத்துவர், இடுப்புக்கு மேலே சேரும் கொழுப்புதான் நீரிழிவோடும் இதய நோயோடும் சேர்ந்து வருகிறது, தொடையிலும் பிட்டத்திலும் சேர்வது அப்படியல்ல என்று கவனித்தார். ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. நமக்கு இப்போது நடப்பது அதுதான்.

"எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் எலும்பு தடிப்பு" என்றும் எழுதியிருந்தாய். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 1940-களில் அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் காப்பீட்டு நிறுவனம் வெளியிட்ட எடை அட்டவணையில் சிறிய, நடுத்தர, பெரிய உடற்கட்டு என்று மூன்று வரிசைகள் இருந்தன. உன் மணிக்கட்டு என்னுடையதைவிட அகலம். எனக்கு ஏற்ற எடையைவிட உனக்கு இரண்டு மூன்று கிலோ கூடுதலாக இருந்தால் அது நியாயம். எலும்புக்கூட்டின் எடையே உடம்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் என்பதால், அதற்கு மேல் எலும்பின் மீது பழி போட முடியாது.

அப்படியானால் எத்தனை கிலோ என்று கேட்பாய். முதலில் 57-க்கு வா. அதற்கு ஆறு மாதம், எட்டு மாதம் ஆனாலும் ஆகட்டும். சீனி எல்லையில் இருப்பவர்கள் உடல் எடையில் ஏறத்தாழ 7 விழுக்காட்டைக் குறைத்து, வாரம் 150 நிமிடம் நடந்தால் நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைகிறது என்று 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. எனக்கு அதைவிட நெருக்கமானது 2006-இல் சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு வெளியிட்ட ஆய்வு. நம்மைப் போன்ற உடல்வாகு, நம்மைப் போன்ற சாப்பாடு. உணவை மாற்றி நடக்கத் தொடங்கியவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை; ஆனாலும் நீரிழிவு வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. தராசு அசையவில்லை என்று மனம் உடைந்து எல்லாவற்றையும் விட்டுவிடும் பெண்களிடம் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நீயும் நினைவில் வை.

57-க்கு வந்த பிறகு, இடுப்பு 80-க்குள் வந்து 76-ஐ நெருங்குகிறதா, சீனி இறங்கியதா, மாடிப்படி ஏறும்போது முட்டி வலிக்கிறதா என்று பார்த்து மேற்கொண்டு முடிவு செய்யலாம். அந்த 23 என்ற கணக்கில் உன் உயரத்துக்குச் சரியான எடையின் மேல் எல்லை 53 கிலோ வருகிறது. அங்கே போயே தீர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

இரவுச் சோற்றுக்குப் பதிலாக இரண்டு பிஸ்கட்டும் தேநீரும் என்பதை இன்றே நிறுத்து. அது மாவும் சீனியும்தான். பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும், நம் வயதில் போன தசை எளிதில் திரும்பாது. நமக்குத் தசை முதலிலேயே குறைவு என்பதை மறக்காதே. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாத நிலைக்கு வந்துவிட்டால் 42 கிலோ எதற்கு? சோற்றைப் பாதியாக்கு. மீதி இடத்தில் கெம்போங் மீன், முட்டை, பருப்பு, தெம்பே என்ற சோயாக் கட்டி, கீரை வை. காலையில் பசியாறும்போது ரொட்டி சானாய் தினமும் வேண்டாம், தேநீரில் கெட்டிப்பால் வேண்டவே வேண்டாம். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நட. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதைக் காலையும் மாலையும் செய். தொடைக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. எடையை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். சாப்பாட்டில் எதையும் மாற்றாமலேயே எடை இறங்கினால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் போ.

தைப்பூசத்திற்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு வருவதாகச் சொன்னாய். இங்கேயே வந்து தங்கு, அம்மா காத்திருக்கிறார். வரும்போது இரத்தப் பரிசோதனைத் தாள்களை எடுத்துவா, பழையது புதியது எல்லாம். அதற்கு முன் உன் இடுப்பளவை எழுதி அனுப்பு. உன் வீட்டுக்காரருடையதையும் சேர்த்து அளந்து எழுது. அவர் ஒல்லிதானே என்று விட்டுவிடாதே.

அன்புடன்,
பவானி