காத்தான்குடி ராத்தாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பானவர்களே,

வீட்டுக்கு வந்துவிட்டேன். இடது கையை இன்னும் தலைக்கு மேலே தூக்க வரவில்லை. ஆனால் சைக்கிளை ட்ரெயினரில் மாட்டி வீட்டுக்குள்ளேயே மிதிக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ரோட்டில் சைக்கிளோடு அடிபட்டுத் தோள் காயப்பட்ட அன்றைக்கு நடந்ததைத் திரும்ப எழுதப்போவதில்லை. செங்கலடிச் சந்தியிலிருந்து சுவிஸ் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும், சிலர் என்னை விடவும் விளக்கமாகவே சொல்கிறார்கள்.

ரோட்டிலிருந்து என்னைத் தூக்கிய ஓட்டோ அண்ணன், இரத்தம் கொடுக்க வந்து வரிசையில் நின்ற கல்லடிப் பொடியன்கள், வார்டில் இரவு இரவாகப் பார்த்துக்கொண்ட நேர்ஸ் அக்காமார், கொக்கட்டிச்சோலைத் தாந்தோன்றீஸ்வரருக்கு நேர்த்தி வைத்த மாமி, கனடாவிலிருந்து காசு அனுப்பிய மச்சாள், உங்கள் எல்லோருக்கும் நன்றி. சைக்கிள் கடை அண்ணனுக்கும். சைக்கிளில் பின் கியர் தொங்கும் காது போன்ற துண்டு வளைந்து போயிருந்தது. பழைய சில்லு ஒன்றின் அச்சை அந்தக் காதுக்குள் திருகி, அந்தச் சில்லும் என் பின்சில்லும் ஒரே நேராக வரும்வரை நெம்பி நிமிர்த்தினார். இதற்கென்றே வெளிநாட்டில் தனிச் சாமான் விற்கிறார்கள், அவர் அதைக் கண்ணாலும் கண்டதில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன், தேத்தண்ணி போட்டு வையுங்கள்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது காத்தான்குடியில் உடுப்புத் தைக்கும் ஒருவருக்காக. பெயர் போட்டால் பேசமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அதனால் முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி ராத்தா என்றே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் என் உடுப்பைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார்கள். அந்தத் தோளோடு வேறு எப்படிக் கழற்றுவது? அம்மா துண்டுகளைக் கழுவி ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டு வைத்திருந்தார். சைக்கிள் ஓட்டக்காரியின் களிசான் போனால் போகட்டும் என்று விடக்கூடிய சாமான் இல்லை. உள்ளே இருக்கும் மெத்தை பெண்ணின் இடுப்பெலும்புக்கு ஏற்ற அகலத்தில் இருக்க வேண்டும். தையல் ஒன்று தப்பான இடத்தில் உரசினால் நாலு மணித்தியால ஓட்டத்தில் தோல் உரிந்துவிடும். அணி அடுத்த சீசனுக்குத்தான் புதிது தரும். கடைகளில் கேட்டால் ஆண்கள் அளவு மட்டும்தான்.

அம்மா எனக்குச் சொல்லாமலே அந்தப் பையைத் தன் சட்டைகள் தைக்கும் ராத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். விரித்துப் பார்த்த ராத்தா கேட்ட முதல் கேள்வி, “இவ்வளவு கோணலா வெட்டினது ஆரு?” இரண்டாவது, “புள்ளையைக் கூட்டிட்டு வாங்க.”

போனேன். நிற்க வைத்து அளப்பார் என்று நினைத்தால், மெஷினுக்கு முன்னால் கிடந்த ஸ்டூலைக் காட்டினார். “நீ சைக்கிள்ல எப்படி இருப்பியோ அப்படி இரு பாப்பம்.” வலது கையை மேசையில் ஊன்றிக் குனிந்தேன். முதுகை அளந்தார், என்னை நிமிரச் சொல்லித் திரும்பவும் அளந்தார். குனியும்போது முதுகுப் பக்கம் எவ்வளவு நீள்கிறது, வயிற்றுப் பக்கம் எவ்வளவு சுருங்குகிறது என்று கொப்பியில் குறித்துக்கொண்டார். பெரிய அணிகளுக்குத் தைக்கும் கம்பெனிகளும் இதையே செய்கின்றன, முன்பக்கம் கட்டை, பின்பக்கம் நீளம். ராத்தா சைக்கிள் ஓட்டப் போட்டியைத் தொலைக்காட்சியில்கூடப் பார்த்ததில்லை.

பழைய மெத்தையைப் பக்குவமாகப் பிரித்தெடுத்துப் புது லைக்ராவில் வைத்துத் தைத்தார். தையல் ஓரங்களையெல்லாம் வெளிப்பக்கம் திருப்பிவிட்டார். பார்க்கக் கொஞ்சம் உள்வெளியாகப் போட்ட மாதிரித்தான் இருக்கும், தொடையில் ஒன்றும் உரசாது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “தோளால பட்டி போகுதே, ஒண்டுக்குப் போகணும் எண்டா என்ன செய்வ?” என்றார். மேல்சட்டையையும் கழற்ற வேண்டும், பற்றை தேட வேண்டும், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சமாளிக்கிறோம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு பட்டியையும் கழுத்துக்குப் பின்னால் ஒரு கொக்கியில் கொண்டுவந்து மாட்டிவிட்டார். இப்போது ஒரு கையாலேயே கழற்றலாம். இத்தனை வருடமாக எனக்கு உடுப்புத் தந்த ஒருவரும் கேட்காத கேள்வி அது.

காசு வாங்கவில்லை. லைக்ராத் துணிக்கு மட்டும் எடுத்துக்கொண்டார். “ஓடிட்டு வந்து எங்க உரசுது எண்டு சொல்லு, அதுதான் கூலி.”

வார்டில் படுத்திருந்தபோது பார்க்க வந்த ஒருவர், பொம்பிளைப் பிள்ளைக்கு இனி எதுக்கு இது, இதில் என்ன கிடைக்கிறது என்று கேட்டார். சம்பளக் கேள்வி நியாயமானதுதான். உலகத்தின் முதல்நிலைப் பெண்கள் சைக்கிள் அணிகளுக்கே குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று 2020இல்தான் வந்தது. முதல் கேள்விக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. அன்றிரவு போனில் பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் ஓட்டக்காரி போலின் ஃபெரான்-ப்ரெவோவைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன். 2014இல் வீதி ஓட்டத்தில் உலக சம்பியன், அடுத்த வருடம் மலைச் சைக்கிளிலும் சம்பியன். 2019இல் காலுக்குப் போகும் இரத்தக் குழாயில் அறுவைச் சிகிச்சை, அதே வருடம் மலைச் சைக்கிள் உலகப் பட்டம் திரும்பவும் அவருக்கு. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் தங்கம். அதோடு விட்டாரா? வீதிக்குத் திரும்பி 2025இல் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸையும் வென்றார். அந்த உயரம் எங்கே, நான் எங்கே. ஆனாலும் அன்றைக்கு எனக்கு அது மருந்து மாதிரி இருந்தது.

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் ஏறிப் பழக மலை இல்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இருக்கிறது. உன்னிச்சைப் பக்கம் போகும்போது அது முகத்தில் அடித்தால் சமதரையே ஏற்றம்தான். டொக்டர் வெளியே விட்டதும் முதலில் அந்த ரோட், பிறகு படுவான்கரைக் கிறவல் பாதைகள், பிறகு மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவு மலை ஏற்றம். மாரி மழைக்கு முன்னர் இதையெல்லாம் முடிப்பதாக எல்லோர் முன்னாலும் சொல்லி வைக்கிறேன். பின்வாங்கினால் பிடித்துக் கேளுங்கள்.

ராத்தா, ட்ரெயினரில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வலது தொடையின் உள்பக்கம், மெத்தை முடிகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது. வெள்ளி தவிர்த்து ஒரு நாள் கொண்டுவருகிறேன். ஓட்டத்துக்கும் இதைத்தான் போடப்போகிறேன். அணிச் சின்னம் இல்லாமல் ஓட விடமாட்டோம் என்று மேலாளர் நிற்பார். சின்னத்தையும் கையோடு எடுத்து வருகிறேன், அதையும் நீங்களே தைத்துவிடுங்கள்.