இறங்குவதற்கும் காற்று வேண்டும்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய திட்டத்தில் எவரெஸ்ட் உச்சிக்குப் போகும் நேரம் இருக்கிறது, திரும்பும் நேரத்தைக் காணோம். முதலில் அதை எழுது. உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான சவுத் கோலிலிருந்து இரவு ஒன்பதுக்குக் கிளம்பினால், காலை பதினொன்று. உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் பதினொன்றானால் திரும்பிவிடு. 1996 மே 10 அன்று தெற்குப் பக்கம் பலர் பகல் இரண்டுக்கு மேல்தான் உச்சியைத் தொட்டார்கள். மாலையில் புயல் பிடித்துக்கொண்டது. இரு பக்கமுமாக எட்டுப் பேர் இறந்தார்கள். வடக்கே இறந்த மூவரும் நம் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர்.

இனி ஆக்சிஜன். நாலு லிட்டர் சிலிண்டரை 300 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறத்தாழ 1,200 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் பத்து மணி நேரம் வரும். மூச்சு வாங்குகிறதே என்று 4-க்குத் திருப்பினால் ஐந்தே மணி நேரம். இந்தக் கணக்கைக் கெடுப்பது கூட்டம். 2019 மே மாதம் உச்சிக்குக் கீழே ஏறுபவர்கள் நெருக்கியடித்து வரிசையில் நின்ற படத்தை நீயும் பார்த்திருப்பாய். அப்படி இரண்டு மணி நேரம் நின்றால், ஓரடி ஏறாமலே 240 லிட்டர் காலி. அதனால் வழியில் பால்கனி என்னும் சிறு திட்டில் சிலிண்டர் மாற்றும்போது, மீதமுள்ளதை அடையாளம் போட்டு அங்கேயே வைத்துவிடு. இறங்கும்போது அது வேண்டும்.

திடீரென்று மூச்சு முட்டினால் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று பதறாதே. மூச்சின் ஈரம் மாஸ்க் வால்வில் உறைந்து அடைத்திருக்கலாம். முதலில் அளவுமானியைப் பார், பிறகு வால்வை அழுத்திப் பனிக்கட்டியை உடை. இதற்காக உள்கையுறையைக் கழற்றாதே.

கயிற்றை மலையோடு பிணைத்திருக்கும் ஆங்கரைத் தாண்டும்போது, சேஃப்டி காராபினரை (உன்னைக் கயிற்றோடு இணைக்கும் கொக்கி) அப்பால் மாட்டிய பிறகுதான் ஜுமாரை (கயிற்றைப் பற்றி ஏற உதவும் பிடி) எடுக்க வேண்டும். களைப்பில் தவறுவது இதுதான். பழைய கயிறுகள் வெயிலில் நைந்து அங்கேயே கிடக்கும். இந்த ஆண்டுக் கயிறு எதுவென்று ஷெர்பாவிடம் கேட்டுக்கொள்.

தலைவலியைவிடத் தள்ளாட்டத்துக்குத்தான் பயப்பட வேண்டும். குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடக்க வரவில்லையா, மூளை வீங்குகிறது என்றே வைத்துக்கொள். மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி. போட்டு உடனே இறங்கு. அந்த மாத்திரை இறங்க அவகாசம் தரும், அவ்வளவுதான். அப்போது உன் புத்தி உனக்கே உதவாது. அதனால் திரும்பச் சொல்லும் உரிமையை ஷெர்பாவிடம் இப்போதே கொடுத்துவிடு. அவர் சொன்னால் வாதாடக் கூடாது.

கூடுதலாக ஒரு சிலிண்டர் வேண்டுமென்று ஏற்பாட்டாளரிடம் இன்றே சொல். பணத்தை நான் அனுப்புகிறேன், அப்பாவிடம் கேட்காதே.

அம்மா